முன்னாடி ரெண்டும்

"இழுக்காதே! நிறுத்துய்யா!"

கத்தியவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிரேனின் சங்கிலி விறைத்து, மூக்கு நசுங்கிய அந்தப் பழைய கறுப்பு எஸ்.யு.வி. முனகிக்கொண்டே நகரத் தொடங்கியிருந்தது. அவள் ஓடிவந்த வேகத்திலேயே குனிந்து, தோள்பையிலிருந்து உருவிய முக்கோண மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு முன்னால் செருகி, காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். சக்கரம் கட்டையில் ஏற முயன்று, முடியாமல் திமிறியது. சங்கிலி கிறீச்சிட்டது. கிரேன்காரர் பதறிப்போய் விசையை அணைத்தார்.

"யாரும்மா நீ? சங்கிலி அறுந்தா என் தலை போயிடும்!"

"அவங்க பேரு முட்டுக்கட்டை" என்றபடி பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் அவளுடைய உதவியாளன். "சக்கரத்துக்கு அடியில இருக்கறதும் முட்டுக்கட்டைதான். குழம்பிடாதீங்க, அது பேசாது."

பெயர் அவள் வைத்துக்கொண்டதல்ல. விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடும் வேலையில் இருந்தபோது, பொய்க் கணக்கோடு வந்த அத்தனை பேர் வழியிலும் குறுக்கே விழுந்தாள். இன்ஷூரன்ஸ்காரர்கள் பெயரையும் வைத்து, ஒரு நல்ல நாளில் கதவையும் காட்டினார்கள். அவள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். விசிட்டிங் கார்டு அடிக்கவில்லை. கட்டையைச் செதுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உதவியாளனுக்கு வாய்தா என்று பெயர். சட்டப் படிப்பின் கடைசிப் பரீட்சையை இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவன். தலைமுடி காத்திருக்காமல் போய்விட்டது.

இடம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் பிடிபட்ட வண்டிகள் துருவேறிக் கிடக்கும் மைதானம். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மெக்கானிக் புலியின் மனைவி. புலி உள்ளே லாக்கப்பில் இருந்தான். மாலை கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். கொண்டுபோய்விட்டால் ஜெயில்தான்.

குற்றச்சாட்டு எளிமையானது. மர ஆலைப் பெரியவரின் எஸ்.யு.வி.க்கு முன்சக்கரங்களின் பிரேக் டிஸ்க்கை மாற்றச் சொல்லியிருந்தார்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு அது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் வந்து அந்தத் தட்டைக் கவ்வும், வண்டி நிற்கும். புலி புது டிஸ்க், புது பேட் எல்லாம் போட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினான். வண்டியைக் கொண்டுபோய்ப் பெரியவர் வீட்டில் விட்டான். அது பெரியவர் ஊரிலிருந்து திரும்பும்வரை ஷெட்டிலேயே நின்றது. அவர் வந்த மறுநாள் காலை, வீட்டு வாசலிலிருந்து இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்காமல் போய்க் கீழேயுள்ள மதிலில் மோதினார். இப்போது கால்கள் ஒடிந்து, நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில். வண்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பழைய டிஸ்க்.

"எங்க வீட்டுக்காரரு திமிரு பிடிச்சவருதாம்மா" என்றிருந்தாள் புலியின் மனைவி, காலையில் ஆபீசுக்கு வந்தபோது. "யாரையும் மதிக்க மாட்டாரு. எங்கண்ணனையே ‘ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத பய’ன்னு கல்யாண மேடையில சொன்னவரு. ஆனா மாட்டாததை மாட்டினேன்னு சொல்ல மாட்டாரு. கழட்டின பழசை மூட்டை கட்டி அவங்கவங்க டிக்கியிலயே போட்டு அனுப்புவாரு. ‘நான் மாத்தினதுக்கு இதுதாண்டா சாட்சி’ம்பாரு. புதுசு மேல மஞ்சப் பெயின்ட்ல மூணு கோடு போடுவாரு, புலி நகம் கீறின மாதிரி."

"இந்த வண்டி டிஸ்க்ல கோடு இல்லையே?"

"அதான்மா போலீஸும் சொல்லுது. கோடு இல்லை, அதனால அவன் மாட்டலைன்னு."

இப்போது அந்தப் போலீஸே வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நிதானமாக வந்தார். சிந்திக்கிற வேலையைப் பிறர் தலையில் கட்டிவிட்டவர்களுக்கே வாய்க்கும் நிதானம் அது.

"என்ன மேடம், குறுக்க வந்து விழுந்தாச்சா?"

"விழுந்தாச்சு. வண்டியை எங்க அனுப்பறீங்க?"

"உடைக்கறதுக்கு. போட்டோ எடுத்தாச்சு, ரிப்போர்ட் எழுதியாச்சு. பெரியவர் வீட்டு மாப்பிள்ளை போன் பண்ணிக் கெஞ்சினார். இதைப் பார்க்கப் பார்க்க மனசு தாங்கலையாம்."

"அவர் வீட்டுக்கும் இந்த மைதானத்துக்கும் நடுவுல பாதி ஊரு இருக்கு" என்றான் வாய்தா. "அங்கேர்ந்து தினமும் எட்டிப் பார்க்கறாரா சார்?"

இன்ஸ்பெக்டர் அவனைக் கொசுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கிரேன்காரர் டீ குடிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் பார்த்துக்குங்க. அப்புறம் கட்டையை எடுத்துடணும்."

கிரேன்காரர் டீ என்ற சொல்லைக் கேட்டதும் காணாமல் போனார்.

முட்டுக்கட்டை முதலில் வண்டிக்குள் தலையை விட்டாள். ஸ்பீக்கர் மட்டும் ஆறு இருந்தன. சீட்டுக்குத் தோல் உறை, ஸ்டியரிங்குக்கு வெல்வெட் உறை. வண்டியை ஓடவைக்கவும் அலங்கரிக்கவும் ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. அதை நிறுத்துகிற சாமான் ஒன்று சக்கரத்துக்குள் இருப்பது மதிலைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் ஞாபகம் வரும்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியவள், சின்னதாக ஒரு காலிக் கண்ணாடி பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். புருவம் லேசாக உயர்ந்தது. பாட்டில் பைக்குள் போனது.

"சரக்காக்கா?" என்றான் வாய்தா ஆவலாக.

"ஜாக்கியைப் போடு."

"பெரியவர் குடிச்சிருந்தாரா?"

"வாயை மூடு, வீலைக் கழட்டு."

வாய்தா ஜாக்கியை மிதித்து, நட்டுகளைத் திருகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். வலது சக்கரம் வெளியே வந்தது. பார்த்தவுடனே தெரிந்தது. தட்டு கிழடு. மெலிந்து, கீறல் விழுந்து, ஓரத்தில் மட்டும் தேயாமல் நின்ற இரும்பு கரைகட்டியதுபோல் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் விரிசல் ஓடி விளிம்பே பிய்ந்திருந்தது.

"சரிக்கா. புலி பூனையாயிட்டான். நான் அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடறேன்."

"இரு." அவள் பேட் இருக்கும் கவ்வியைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பழைய டிஸ்க் சாதாரணமாக அப்படி வராது. துருவேறி, அச்சு முனையிலுள்ள ஹப்போடு ஒட்டிக்கொண்டு, சுத்தியலால் அடிவாங்கிய பிறகே மனம் இரங்கும். இது கோப்பை எடுக்கிற மாதிரி கையோடு வந்துவிட்டது.

உள்ளே, டிஸ்க் உட்கார்ந்திருந்த ஹப் வெள்ளிபோல் பளபளத்தது.

"இன்ஸ்பெக்டர் சார், இதை போட்டோ எடுத்தீங்களா?"

"அது எதுக்கு?"

"புதுத் தட்டு போடறதுக்கு முன்னாடி ஹப்பை வயர் பிரஷ் வச்சுத் தேய்ப்பாங்க. துரு இருந்தா தட்டு கோணலா உட்காரும், பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் உதறும். இவ்வளவு சுத்தமாத் தேச்சுட்டு யாராவது கிழட்டுத் தட்டை மாட்டுவாங்களா?"

"ஏமாத்தணும்னா மாட்டுவான்."

"ஏமாத்தறவன் வீல் நட்டைத் தொடவே மாட்டான் சார். பில்லை மட்டும்தான் தொடுவான்."

வாய்தா சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்காததால் அதைக் கொட்டாவியாக மாற்றினான்.

அவள் பேட்டை எடுத்து டிஸ்க்கின் மேல் வைத்தாள். நாள்பட ஒன்றையொன்று உரசிய தட்டும் பேட்டும் பழைய தம்பதி மாதிரி. ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு சரியாகப் போய் உட்காரும். இங்கே உட்காரவில்லை. பேட்டில் ஓரமாக ஓர் ஆழமான பள்ளம். டிஸ்க்கில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

எழுந்து இடப்பக்கம் போனாள். அந்தச் சக்கரத்தையும் கழற்றவைத்தாள். இடது டிஸ்க்கின் ஓரத்தில் விரலில் தட்டுப்படுகிற மாதிரி ஒரு மேடு. அதை எடுத்துவந்து வலப்பக்கத்து பேட்டில் பொருத்தினாள். பூட்டுக்குள் சாவிபோல் உட்கார்ந்தது.

"இடம் வலமா மாறியிருக்கு" என்றான் வாய்தா. இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"ஆமா. புலி எல்லாத்தையும் கழட்டிப் புதுசு மாட்டியிருக்கான். பழசை மூட்டை கட்டி டிக்கியில போட்டிருக்கான். அந்த மூட்டையைப் பிரிச்சு எவனோ பழசைத் திரும்ப மாட்டியிருக்கான். பேட்டைச் சரியா வச்சவனுக்குத் தட்டுல எது இடது, எது வலதுன்னு தெரியலை. வீடியோ பார்த்து வேலை கத்துக்கிட்டவன். பேட் முழுசாக் கவ்வலை, தட்டுல ஏற்கெனவே விரிசல். இதோட அந்தச் சரிவை ரெண்டாவது தடவை இறங்க முடியாது சார். அன்னைக்குக் காலையில இறங்கினதுதான் முதல் தடவை. புலி அங்க கொண்டுபோய் விட்டப்போ நல்லா நின்ன வண்டி. அப்போ இதை மாட்டினது அந்த வீட்டு ஷெட்டுல."

இன்ஸ்பெக்டர் இரண்டு டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கெட்டிக்காரத்தனமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பொருந்தவில்லை.

"பெரியவர் ஊர்ல இல்லை. பொண்ணு பகல் பூரா ஆலையில. வீட்ல இருந்தது மாப்பிள்ளை ஒருத்தர்தான். அவருக்கு முதுகுல டிஸ்க் தேஞ்சு போச்சு மேடம்! டம்ளரைத் தூக்கினாலே முனகறார். இந்தச் சக்கரத்தை அவர் தூக்கினாரா?"

"டிஸ்க்கா?" என்றாள் முட்டுக்கட்டை.

"டிஸ்க்தான். இடுப்புல இவ்வளவு அகலத்துக்கு பெல்ட்டு. சரி, அவர்தான்னே வச்சுக்குங்க. லாபம் என்ன? ஆலையைப் பெரியவர் எப்பவோ மக பேருக்கு எழுதிட்டார். மாமனார் செத்தா மாப்பிள்ளைக்குக் கிடைக்கறது இந்த வண்டி ஒண்ணுதான். அதுவும் இப்ப வண்டியா இல்லை."

முதல் தடவையாக அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. முட்டுக்கட்டை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என்கூட அந்த வீட்டுக்கு வாங்க. நான் சொல்றது தப்புன்னா கட்டையை உங்க டேபிள்ல வச்சுட்டுப் போறேன். பேப்பர் பறக்காம இருக்கும்."

இன்ஸ்பெக்டர் உடனே ஒப்புக்கொண்டார். பிறர் மூக்குடைபடுவதைப் பார்க்க அவர் எத்தனை தூரமும் வருவார். வாய்தா சக்கரத்தடியிலிருந்த கட்டையை எடுத்துப் பையில் போட்டான்.

* * *

சரிவின் உச்சியில் இருந்தது வீடு. வாசலிலிருந்து பாதை நேராகக் கீழே இறங்கியது. அடியில் பெயர்ந்துபோன மதில் இன்னும் அப்படியே நின்றது. போர்ட்டிகோவுக்கு முன்னால் இன்னொரு எஸ்.யு.வி. அதே கம்பெனி, அதே வயசு, நிறம் மட்டும் வெள்ளை.

"ரெண்டும் ஜோடியா வாங்கினது" என்றார் இன்ஸ்பெக்டர். "பெரியவருக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு."

முட்டுக்கட்டை வாய்தாவின் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. "புதுச் சட்டைக்கா."

"துவைச்சுக்கலாம்."

போர்ட்டிகோவில் நீண்ட சாய்வு நாற்காலி. அதில் குப்புறக் கவிழ்ந்திருந்தார் மாப்பிள்ளை. சட்டை கழுத்துவரை சுருட்டப்பட்டிருந்தது. அவிழ்த்த பெல்ட் பக்கத்தில் குதிரைச் சேணம் மாதிரி கிடந்தது. அவருடைய மனைவி, பெரியவரின் மகள், அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, புருஷனுக்கு முதுகு பிடித்துவிட வீட்டுக்கு வந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மாப்பிள்ளையின் முகமோ நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"அப்படியே இருங்க, எழுந்திருக்காதீங்க" என்றாள் முட்டுக்கட்டை.

எழுந்திருக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. "மன்னிக்கணும் மேடம். மாமா அங்க கிடக்கறார். போய்ப் பார்க்கக்கூட இந்த முதுகு விட மாட்டேங்குது. அந்தப் புலிப் பயலை மட்டும் விட்டுடாதீங்க இன்ஸ்பெக்டர்."

"விட மாட்டோம் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்த டாக்டர் பார்க்கறார்?"

"ஊருக்கு வெளியில ஒருத்தர். போன்லயே சொல்லிடுவார்."

"ரொம்பத் திறமைசாலி போல. போன்லயே முதுகு தெரியுதா?" அவள் மனைவி பக்கம் திரும்பினாள். "இவருக்கு இப்படின்னு உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

தைலம் தேய்த்த கை நின்றது. "இவரா சொல்லவே இல்லைங்க. என்கிட்ட மறைச்சுட்டார். நான் கவலைப்படுவேன்னு. போன்ல பேசறதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுது."

"அதெல்லாம் எதுக்கு இப்போ..." என்றார் மாப்பிள்ளை தலையணைக்குள்ளிருந்து.

"சும்மா சொல்லட்டும் சார், பொழுது போகணுமில்ல. என்ன பேசினார்?"

"நான் காபியோட உள்ள வரேன். இவரு ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, ‘என்னது, டிஸ்க் தேஞ்சு போச்சா? விரிசல் வேறயா?’ன்னு கேட்கறாரு. காபியைக் கொட்டிட்டேன்."

"அப்புறம்?"

"‘முன்னாடி ரெண்டும் மாத்தணுமா? பின்னாடி இருக்கறது தாங்குமா?’ன்னாரு."

இன்ஸ்பெக்டர் கால் மாற்றி நின்றார்.

"முன்னாடி ரெண்டும்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள் முட்டுக்கட்டை. "வேற என்னம்மா சொன்னார்?"

"‘சரி, மாத்திடு. கழட்டின பழசை என்கிட்டயே குடுத்துடுவியா? நல்லது’ன்னாரு. அது ஒண்ணுதான் எனக்குப் புரியலை. முதுகுலேர்ந்து எடுத்ததை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறார்? வேற டாக்டர்கிட்ட காட்டுவார் போலன்னு நினைச்சேன். ‘ஐயோ, உங்களுக்கா இப்படி?’ன்னு நான் அழுதேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாரு. அப்புறம்தான் இடுப்புல கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு. அன்னைலேர்ந்து எழுந்திருக்கலை."

இன்ஸ்பெக்டரின் தலைக்குள் ஏதோ ஒன்று, ரொம்ப நாள் ஓட்டாத வண்டிபோல, இருமி இருமிக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள் முட்டுக்கட்டை. அந்தப் பெண்ணிடம் மட்டும் அவள் குரல் தணிந்திருந்தது. "மனுஷனுக்கு முதுகு முழுக்கப் பின்னாடிதான் இருக்கு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு டிஸ்க் இருக்கறது வண்டிக்கு."

அவள் புரியாமல் புருஷனைப் பார்த்தாள். மாப்பிள்ளை வலியில் துடிப்பவர்போல் முனகினார். "மேடம், என்ன உளறல் இது? அசைய முடியாம கிடக்கறவன்கிட்ட வந்து..."

"ஐயோ! வண்டி உருளுது! வெள்ளை வண்டி! பிரேக் பிடிக்கலை!"

வாய்தாவின் அலறல், வாசலிலிருந்து.

அடுத்து நடந்ததை இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டில் எப்படி எழுதினார் என்று தெரியவில்லை. நாற்காலி ஒரு பக்கம் கவிழ்ந்தது. தைலம் மின்னும் முதுகோடு மாப்பிள்ளை எழுந்து, போர்ட்டிகோவின் கைப்பிடிச் சுவரை ஒரே தாவில் தாண்டி, வெள்ளை எஸ்.யு.வி.யின் முன்பக்கம் போய், முதுகை அதன் மூக்கில் கொடுத்து, காலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். எந்த முதுகை அசைக்க முடியாதென்று ஒரு குடும்பமே கண்ணீர் விட்டதோ, அதே முதுகை.

வண்டி அசையவேயில்லை. அதன் முன்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை பத்திரமாக இருந்தது.

"அட, உருளலை போலிருக்கே" என்றான் வாய்தா, புழுதி படிந்த சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு. "என் கண்ணுதான் உருண்டிருக்கு. வாழ்த்துகள் சார், முதுகு சரியாயிடுச்சு. அந்த போன் டாக்டர் நம்பர் கிடைக்குமா?"

மாப்பிள்ளை முதுகை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அடியில படுத்துப் பார்த்தியா?" என்றாள் முட்டுக்கட்டை.

"பார்த்தேன்க்கா. முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் புத்தம்புது டிஸ்க். உள்பக்கமா மஞ்சக் கோடு, மூணு மூணு. கம்பெனி அடையாளம்னு நினைச்சு விட்டுட்டார் போல."

முட்டுக்கட்டை படியிறங்கி வந்து மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். "சாகடிக்கத் துணிஞ்சீங்க. புதுத் தட்டைத் தூக்கி எறியத் துணிச்சல் வரலை. வீணாப் போயிடுமேன்னு உங்க வண்டிக்கே மாட்டிக்கிட்டீங்க. பெரிய குடும்பத்து மாப்பிள்ளை, கொலையிலயும் சிக்கனம். இன்ஸ்பெக்டர் சார், புலியை எப்ப விடறீங்க?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தோற்றுப்போனவர்கள் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் கம்பை அவரும் பிடித்தார். "எல்லாம் சரி. மாத்தினது இவர்தான், நடிச்சது இவர்தான். ஆனா கோர்ட்டுல முதல் கேள்வி அதுதான் மேடம். லாபம் என்ன? மாமனாரைக் கொன்னு இவருக்கு ஒண்ணும் கிடைக்காது."

"அதானே!" என்றார் மாப்பிள்ளை, திடீரென்று உயிர் வந்தவராய். "மாமா எனக்குத் தெய்வம் மாதிரி. அவர் மேல எனக்கு என்ன பகை? சரி, முதுகு விஷயத்துல பொய் சொன்னேன். ஆலைக்குப் போகச் சோம்பேறித்தனம். டிஸ்க்கை மாத்திக்கிட்டது தப்புதான், புத்தி கெட்டுப் போச்சு. ஆனா மாமாவை நான் கொல்ல நினைக்கலை. அவர் மேல சத்தியமா நினைக்கலை!"

"நம்பறேன்" என்றாள் முட்டுக்கட்டை.

வாய்தாவே திரும்பிப் பார்த்தான்.

அவள் பைக்குள் கையை விட்டு, கறுப்பு வண்டியின் சீட்டுக்கு அடியில் எடுத்த அந்தச் சின்னக் கண்ணாடி பாட்டிலை வெளியே எடுத்தாள். போர்ட்டிகோவுக்குத் திரும்பி, கவிழ்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்த மனைவியின் கையில் வைத்தாள். அந்தக் கையிலும் அதே வாசனை அடித்தது.

"இது உங்கப்பாவோட வண்டியில கிடந்துதும்மா. அவருக்கு முதுகு வலி உண்டா?"

"அப்பாவுக்கா? இல்லையே." அவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். "இது இவரோட தைலம். அப்பா மோதினதுக்கு முந்தின ராத்திரியே தீர்ந்துடுச்சு. காலையில, ‘என் வண்டியில பெட்ரோல் இல்லை, அப்பா வண்டியை எடுத்துட்டுப் போ. காலி பாட்டிலைக் காட்டி இதே மாதிரி வாங்கிட்டு வா’ன்னு குடுத்தாரு."

"யார்கிட்ட குடுத்தார்?"

அவள் வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தரையில் இறக்கினார்.

"அப்பா அப்பத்தான் குளிச்சுட்டு வந்தாரு" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "‘நீ ஆலைக்குக் கிளம்பற வழியைப் பாரும்மா, நான் போய் வாங்கிட்டு வரேன்’னு என் கையிலேர்ந்து சாவியையும் பாட்டிலையும் பிடுங்கிட்டாரு. இவர் உள்ள படுத்திருந்தாரு, இவருக்குத் தெரியாது. மோதின சத்தம் கேட்டுத்தான் வெளியில வந்தாரு. வாசல்ல நின்ன என்னைப் பார்த்துட்டு அப்படியே உறைஞ்சு போயிட்டாரு. அப்பாவை நினைச்சுத்தான்னு..."

பாட்டில் அவள் விரல்களுக்குள் இறுகியது.

"ஆலை என் பேருல இருக்கு சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "இவர் அனுப்பினது என்னைத்தான்."